பேய் வீட்டுப் பந்தி

சாந்தாமணியைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை. முகத்தில் சுவருக்கு அடிப்பதுபோல் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கழுத்திலிருந்து இடுப்புவரை வழிந்து காய்ந்த பொய் ரத்தம், தலையில் பஞ்சில் பண்ணிய சிலந்தி வலை. இத்தனையும் போட்டுக்கொண்டு, பீங்கான் அலமாரிக்குப் பின்னாலிருந்து பாய்ந்து அடிவயிற்றிலிருந்து கத்தினால், எடிசன் ஊரிலிருந்து வந்த நம்மூர்ப் பையன் ஒருவன் "ஹாய் ஆன்ட்டி" என்கிறான். கூட வந்தவன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். இவளும் நல்ல பிள்ளையாக நின்று சிரித்துவிட்டாள். பேய் சிரித்து செல்ஃபிக்கு நின்றால் அப்புறம் எவன் பயப்படுவான்?

நியூ ஜெர்ஸியின் தென்பக்கத்தில், ஹைவேயை ஒட்டி இருக்கிற தீம் பார்க் அது. கோடை முடிந்து குளிர் எட்டிப் பார்க்கிற நேரத்தில், வெள்ளி, சனி, ஞாயிறுகளில் மட்டும் அங்கே ராட்டினங்களுக்கு நடுவில் பேய் வீடுகள் முளைக்கும். ஹாலோவீன் முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். ஜனங்கள் காசு கொடுத்து, வரிசையில் கால் கடுக்க நின்று, பயப்பட வருகிறார்கள். பயம் வரவில்லை என்றால் பிரியாணியில் கறி இல்லை என்கிற மாதிரி கோபப்படுகிறார்கள். இதை எல்லாம் விளையாட்டு என்று நினைப்பவர்கள், போன வருஷம் இன்டர்நெட்டில் அந்தப் பார்க்கைப் பற்றி வந்த வசவுகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சாந்தாமணி இருந்த வீட்டுக்கு ஒரு கதை உண்டு. ஊரையே விருந்துக்கு அழைத்த ஒரு குடும்பம்; விருந்துக்கு ஒருவரும் வரவில்லை; காத்திருந்து காத்திருந்து குடும்பமே செத்துப்போயிற்று. இருட்டு நடையில் நுழைகிறவர்கள் முதலில் கூடத்தில் தொங்குகிற பிணத்தைப் பார்ப்பார்கள். அடுத்தது சமையலறை, அங்கே ஒரு தடியன் மோட்டார் ரம்பத்தை அலறவிட்டுத் துரத்துவான். அப்படியே ஓடிவந்து விழுகிற இடம் சாப்பாட்டு அறை. நீள மேசை, உடைந்த தட்டுகள், பிளாஸ்டிக் எலிகள், செத்துப்போன வீட்டுக்காரியாக சாந்தாமணி. அதைத் தாண்டினால் பொம்மைகள் இருக்கிற குழந்தை அறை, அப்புறம் வெளியே பாப்கார்ன் வாசனை.

இந்த வேலைக்கு அவள் மனுப் போடவே இல்லை. மகள் கயலுக்குத்தான் ஆசை. பள்ளியில் கடைசி வருஷம், அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவில் படிக்கப் போவதற்கு ஒவ்வொரு காலேஜாக அப்ளை பண்ணிக்கொண்டிருக்கிறாள். கைச்செலவுக்கு ஆகும் என்று பார்க்கில் வேலை கேட்டாள். வீடு இருக்கிற மான்மவுத் ஜங்ஷனிலிருந்து அவளைக் கொண்டுபோய் விட ஆள் வேண்டுமே என்று சாந்தாமணி கார் ஓட்டிப் போனாள். அங்கே எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகக் கத்தச் சொன்னார்கள். மகளுக்குத் துணையாகப் பக்கத்தில் நின்றவளையும் வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்து, பேய் வீடுகளை மேய்க்கிற டெனிஸ் என்ற பெண்மணி "நெக்ஸ்ட்" என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். என்ன தோன்றியதோ, கத்திவிட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. கயலுக்குப் பாப்கார்ன் கடை கிடைத்தது, அம்மாவுக்குப் பேய் வேலை கிடைத்தது.

கத்தலுக்காக எடுத்த ஆள், அறைக்குள் போனதும் எடுபடவில்லை. டெனிஸ் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். சாப்பாட்டு அறையில் ஜனங்கள் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள், போனைப் பார்க்கிறார்கள், ஷூ லேஸ் கட்டுகிறார்கள். இது பேய் வீடு, ரெஸ்ட் ஏரியா இல்லை. வருகிற சனிக்கிழமை நானே வந்து திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அன்றைக்கும் இப்படித்தான் என்றால் அந்த அறைக்கு வேறு ஆள், உனக்கு வாசலில் பை சோதிக்கிற வேலை. சம்பளத்தில் குறைவில்லை, கத்த வேண்டியதும் இல்லை. டெனிஸ் கெட்டவள் இல்லை. அதனால்தான் அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது.

வீட்டில் சொன்னபோது கணவர் சுப்பையனுக்கு இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் யோசனை சொன்னார்.

"கேட்டுலயே போய் நின்னுக்க அம்மிணி. ஹீட்டரும் வெச்சிருப்பாங்க. எதுக்குத் தொண்டையக் கிழிச்சுக்கறே?"

"கேட்டுக்கெல்லாம் நான் போவ மாட்டேனுங்க," என்றாள் சாந்தாமணி. சொன்ன வேகத்தில் அவர் தலையைத் தூக்கிவிட்டார்.

அவள் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. ஈரோட்டில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி எச்-ஃபோர் விசாவில் வந்து இறங்கினாள். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்றார்கள். சரி என்று இருந்தாள். வருஷங்கள் ஓடி ஒருவழியாக வேலை செய்ய அனுமதி வந்தபோது, பிரின்ஸ்டன் பக்கம் இருக்கிற லேப் ஒன்று விடாமல் அப்ளை பண்ணினாள். இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு, அதைக்கூடக் கேட்காதவர்களும் உண்டு. எங்கே போனாலும் "நீங்க அப்படி உட்காருங்க" என்று ஓரத்தைக் காட்டினார்கள். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில்கூடக் கூப்பன் கிழிக்கிற மேசைதான் அவளுக்கு. முதல்தடவையாக ஒருத்தி இத்தனை பேர் நடுவில் கையை நீட்டி, "நீதான் வேண்டும்" என்று சொன்னாள். அது பேய் வேலையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். திரும்பவும் ஓரத்துக்குப் போக அவளுக்கு மனம் இல்லை, போகப் போவதும் இல்லை.

வாரம் முழுக்கப் பேஸ்மென்டில் கத்திப் பழகினாள். சத்தம் வெளியே போகாமல் இருக்க வாஷிங் மெஷினை ஓடவிட்டாள். அப்படியும் பக்கத்து வீட்டு மாளவிகா போன் பண்ணி, எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது என்று நாசூக்காக விசாரித்தாள். மேசைக்கு அடியில் ஒளிந்து காலைப் பிடிப்பதுபோல் கையை நீட்டலாமா, தட்டை உடைக்கலாமா, விக்கி விக்கி அழலாமா என்று யோசித்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் கயலிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

கயலுக்கு அம்மா பேயாக இருப்பதில் ஏற்கெனவே பாதி மானம் போயிருந்தது. தோழிகளிடம் அவள் மூச்சுவிடவில்லை. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொன்னாள், வழக்கம்போல் ஆங்கிலத்தில். ரம்பம் அலறி முடித்த இடத்தில் மனுஷத் தொண்டை எதற்கு ஆகும்? அவர்கள் கத்த வேண்டியதை எல்லாம் சமையலறையிலேயே கத்திவிட்டுத்தான் வருகிறார்கள். அதுவும் போக, நீ பாய்ந்துவிட்டு உடனே அவர்களுக்கு வழி விட்டு நகர்ந்துகொள்கிறாய்.

"அண்ட் யூ ஸே ஸாரி, மாம். வாட் கோஸ்ட் ஸேஸ் ஸாரி?"

ஒருத்தன் காலை மிதித்துவிட்டதற்குச் சொன்னதுதான். அது அதற்குள் பாப்கார்ன் கடைவரை போயிருக்கிறது. சாந்தாமணிக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் மகள் சொன்னதில் தப்பில்லை என்பதும் தெரிந்தது.

அன்று இருட்டத் தொடங்கிய நேரத்தில் ஒரு கூட்டம் வந்தது. முன்னால் ஃபுட்பால் ஜாக்கெட் போட்ட மலைபோன்ற ஒருவன், போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான். அவன் கூட்டாளிகள் சிரித்துக்கொண்டே அவன் பின்னால் ஓடி வந்தார்கள். சாந்தாமணி பாய்ந்தாள், கத்தினாள். அவன் "நைஸ்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனான். கடைசியாக ஒரு ஒல்லிப் பையன் வந்தான். ரம்பத்துக்குப் பயந்து ஓடிவந்ததில் அவனுக்கு மூச்சு இரைத்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது.

தான் பேய் என்பதே சாந்தாமணிக்கு மறந்துபோயிற்று. வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றால் வாய் தானாகச் சொல்லுகிறதை அவள் வாய் சொன்னது. வா, வா, உட்கார், சாப்பிட்டாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டதோடு நில்லாமல் ஒரு நாற்காலியையும் அவனுக்காக இழுத்துப் போட்டாள். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்டது.

பையன் அவளைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். வேண்டாம், தேங்க்ஸ் என்றான், குரல் வெளியே வராமல்.

காங்கேயத்துப் பக்கத்தில் பிறந்தவளிடம் வேண்டாம் என்றால் ஆயிற்றா? அங்கே முதல் 'வேண்டாம்' என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வது கிடையாது. வந்தவர் மரியாதைக்கு வேண்டாம் என்பார், வீட்டுக்காரர் மரியாதைக்கு மறுபடி கேட்பார், அவர் எழுந்திருக்கப் பார்ப்பார், அதற்குள் இலை விழுந்துவிடும். ஒரே தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டால் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். சாந்தாமணி மறுபடி கேட்டாள். கொஞ்சமாக, ஒரு வாய் மட்டும் என்று சிரித்த முகமாகச் சொன்னாள். பையன் பின்னாலேயே நடந்து சுவரில் முட்டிக்கொண்டான். ஆளைக் காணோமே என்று ஜாக்கெட்காரன் திரும்பி வந்தான். அவனையும் உட்காரச் சொன்னாள். எவ்வளவு நேரமாக உங்களுக்காகச் சூடு ஆறாமல் வைத்திருக்கிறேன் தெரியுமா என்றாள். அவன் போன் தாழ்ந்தது. கூட்டாளியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, குழந்தை அறை வழியாக அவன் ஓடின ஓட்டத்தில் ஒரு பொம்மை விழுந்து உருண்டது.

சாந்தாமணி நாற்காலி முதுகைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். நடந்தது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. இந்த வீட்டில் பிணம், ரம்பம், பொம்மை எல்லாமே வந்தவர்களைத் துரத்துகின்றன. துரத்தினால் ஓடலாம், ஓடினால் வெளியே போய்விடலாம். அது அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் கத்திக்கொண்டே சிரிக்கிறார்கள். போகாதே, இங்கேயே இரு என்று அன்பாகச் சொல்லுகிற ஆளிடம் என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அதைச் செய்ய நடிக்கக்கூட வேண்டாம்.

அதற்குப் பிறகு அவள் அலமாரிக்குப் பின்னால் போகவே இல்லை. மேசையின் தலைப்பக்கம் நின்றாள். பேய் வீட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவனிடம் கேட்டு ஒரு பெரிய கரண்டியும் உடையாத தட்டுகளும் வாங்கிக்கொண்டாள். ஆட்கள் நுழையும்போதே, பந்தி பரிமாறுகிறவள் கண்ணால் அளக்கிற மாதிரி அளந்தாள். யார் முன்னால் நெஞ்சை நிமிர்த்துகிறான், யார் யாருடைய கையைப் பிடித்திருக்கிறாள், யார் நடுவில் ஒளிகிறான் என்று பார்த்தாள். ஒளிகிறவனுக்குத்தான் முதல் தட்டு. தட்டுக்குப் பின் தட்டாக நிதானமாக வைத்தாள். வெறும் கரண்டியால் வெறும் தட்டில் ஒன்றுமில்லாததைப் பரிமாறினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். அன்று ஒருவரும் அங்கே ஷூ லேஸ் கட்டவில்லை.

ஆனால் அதில் ஒரு வம்பு வந்தது. ஜனங்கள் அறை வாசலிலேயே உறைந்து நின்றார்கள். பின்னால் வருகிற கூட்டம் முன்னால் நிற்கிற கூட்டத்தின்மேல் போய் முட்டியது. ரம்பக்காரனுக்குத் துரத்த இடமில்லாமல் போய், அவன் புகார் சொன்னான். சனிக்கிழமை டெனிஸ் வந்தபோதே முகம் கடுகடுவென்று இருந்தது. வரிசை நகரவில்லை, சொன்னபடி கத்துவதற்கு என்ன என்று கேட்டாள். சாந்தாமணி சாக்குச் சொல்லவில்லை. நின்று பாருங்கள், பார்த்துவிட்டு அனுப்புவதென்றால் வாசலுக்கு அனுப்புங்கள் என்றாள். டெனிஸ் கறுப்புத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

அடுத்து வந்த கூட்டத்தின் சிரிப்பு நடையிலேயே கேட்டது. அதில் ஒரு சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். கயல், பாப்கார்ன் கடையில் பிரேக் கிடைத்ததும் பள்ளித் தோழிகளோடு வந்திருக்கிறாள். நாலு பெண்கள், எல்லோரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், நடுவில் இவள். வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்திருப்பாள், அவர்கள் இழுத்து வந்திருப்பார்கள். அறைக்குள் நுழைந்ததும் கயல் அம்மாவை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

சாந்தாமணி காட்டிக்கொள்ளவில்லை. தட்டுகளை வைக்கத் தொடங்கினாள். முதல் பெண்ணுக்கு ஒன்று, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவளுக்கு ஒன்று. சிரிப்பு குறைந்தது. மூன்றாவது, நான்காவது. உட்காருங்கள், எவ்வளவு இளைத்துப் போய்விட்டீர்கள் என்றாள். கையில் இன்னொரு தட்டு இருந்தது. கயல் முன்னால் அதை வைக்கத்தான் நினைத்தாள். வைக்கவில்லை. தட்டை மெதுவாக அலமாரிப் பக்கம் தள்ளி வைத்துவிட்டாள்.

கயலைக் காட்டி, அவளுக்கு எங்கே தட்டு என்று ஒரு பெண் கேட்டாள். பாதி விளையாட்டாகத்தான் கேட்டாள்.

சாந்தாமணி இதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. திரை லேசாக அசைந்தது. இந்த இடத்தில் தடுமாறினால் நாளைக்கு வாசலில் நின்று பைக்குள் கைவிட்டுத் தண்ணீர் பாட்டில் தேட வேண்டியதுதான். மகளைப் பார்த்தாள். தினமும் வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில், தமிழில் சொன்னாள்.

"நீ விருந்தாளி இல்லியே கண்ணு. நீ இந்த வீட்டுப் புள்ள. இந்தா, கரண்டியப் புடி. நீ எங்கியும் போவ வேண்டாம், எங்கூடயே இருந்து பரிமாறு."

தோழிகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கயலின் முகம் போன போக்கை அவர்கள் பார்த்தார்கள். அது போதுமாயிருந்தது. ஒருத்தி வீறிட்டாள், நாலு பேரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குழந்தை அறைக்குள் பாய்ந்தார்கள். கயல் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

"அம்மா, ஸ்டாப்," என்றாள் மெதுவாக.

அந்தக் குரலுக்கு எந்தத் தாயும் நின்றுவிடுவாள். அம்மாதான், பயப்படாதே, போ என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சாந்தாமணிக்குத் தொண்டைவரை வந்தது. வந்ததை விழுங்கினாள். வேலைக்கென்று வந்து நிற்கிற இடம் இது. வந்தவர்களைப் பயமுறுத்துகிறேன் என்று சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறாள், மகள் வந்தால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லி வாங்கவில்லை. சிரித்த முகம் மாறாமல் கரண்டியை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"புடி கண்ணு. எல்லாரும் வந்துட்டே இருக்காங்க பாரு."

கயல் கத்தினாள். கூடத்துப் பிணம்வரை கேட்கும்படி, அடிவயிற்றிலிருந்து, அம்மாவின் கத்தலைப் போலவே கத்தினாள். அப்புறம் ஓடினாள்.

டெனிஸ் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள், மயிர் சிலிர்த்திருந்தது. அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள். என்னோடேயே இருந்துவிடச் சொன்னேன் என்றாள் சாந்தாமணி. டெனிஸ் மேசைமேல் இருந்த தட்டுகளைப் பார்த்தாள். பிறகு, ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு நேரம் எடுக்காதே, வேறு எதையும் மாற்றாதே, சீசன் முடிகிறவரை இந்த அறை உன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாந்தாமணிக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முழுசாகச் சந்தோஷமாக இருந்தாள். ஆனால் தட்டுகளைத் திரும்ப அடுக்கும்போது ஒன்று நெருடியது. கத்திப் பழகியிருந்தாள், கரண்டி பிடித்துப் பழகியிருந்தாள். கயலிடம் சொன்னதை மட்டும் எங்கேயும் பழகவில்லை. அது நாக்கு நுனியிலேயே தயாராக இருந்திருக்கிறது. அடுத்த கூட்டம் நடையில் வந்துகொண்டிருந்தது. கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

வீட்டுக்குத் திரும்புகையில் கயல் காரில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். போனைக்கூட எடுக்கவில்லை. சாந்தாமணி காதோரத்து வெள்ளைப் பூச்சு சரியாகப் போகாமல் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். ரூட் ஒன் சிக்னல்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. தோழிகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், அந்த ஆள் உன் அம்மாவா என்று வாய் பிளந்தார்களாம். ஆமாம் என்று கயலும் ஒப்புக்கொண்டுவிட்டாளாம். அதையும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மாம். வாஸ் தட் ஆக்டிங்?"

ஆக்டிங்தான் என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மகளும் நிம்மதியாகத் தூங்குவாள். சாந்தாமணி அடுத்த சிக்னல்வரை யோசித்தாள்.

"இல்ல கண்ணு. நீ போவக் கூடாதுன்னு எனக்குள்ள இருக்குது. அதுதான் அப்படி வந்துருச்சு. ஆனா நீ போவோணும். நான் என்ன சொன்னாலும், எத்தன தடவ சொன்னாலும், நீ கெளம்பிப் போயிரோணும்."

கயல் மூக்கை உறிஞ்சினாள். ஹீட்டரைக் கூட்டி வைத்தாள். பிறகு, அபூர்வமாக, தமிழில் பேசினாள்.

"எல்லா குரூப்லயும் ஒருத்தருக்கு மட்டும் ப்ளேட் வெக்காம விட்டுரு, மா. அதான் ரொம்ப பயமா இருக்கு."

சரி என்றாள் சாந்தாமணி. நாளைக்கு வருகிற கூட்டத்தில் யாருக்குத் தட்டு வைக்காமல் விடுவது என்று இப்போதே அவளுக்கு யோசனை ஓடத் தொடங்கிவிட்டது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் பச்சைக்கு மாறியிருப்பதைப் பார்த்தாள்.